நாற்பது ஓம் பல்பு

கழற்றிய குண்டு பல்பு ஒன்றை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, கையும் களவுமாகப் பிடித்த திருடனைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தபடி நின்ற கோலம்தான், என் மாமனாரை நினைத்தால் முதலில் கண்முன் வருகிறது. மட்டாஞ்சேரியில் அப்போது ஒரு பழைய வீட்டின் மாடியில் குடியிருந்தோம். கீழ்க்குடித்தனத்தில், அக்கா முறைக்கு நாங்கள் சேச்சி என்று கூப்பிடும் பெண். இரண்டு குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக்கர். பத்து ஆம்பியரைத் தாண்டினால் சற்று நேரத்தில் விழுந்துவிடும். அந்த மழைக்காலத்தில் அது மாலைதோறும் விழத் தொடங்கியது. அதுவும் மாமனார் டிவியில் செய்தி பார்க்க உட்காரும் நேரமாகப் பார்த்து.

நகரசபையில் கொசு மருந்து அடிக்கும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலைக்காலம் முழுக்க மறைந்திருக்கும் எதிரியைத் தேடி ஓடை ஓடையாக இறங்கிய மனிதர் சும்மா இருப்பாரா? ஒரு மல்டிமீட்டர் வாங்கினார். போனில் வீடியோ பார்த்து இரண்டு கணக்குகளை மனப்பாடம் செய்தார். வோல்ட்டேஜை மின்தடையால் வகுத்தால் கரண்ட். கரண்டை வோல்ட்டேஜால் பெருக்கினால் வாட்ஸ். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் உலகத்தில் எதையும் விசாரித்துத் தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்ற தெம்பு அவர் நடையிலேயே வந்துவிட்டது.

முதல் சந்தேகம் சேச்சி மேல் விழுந்தது. தெருவே எல்இடிக்கு மாறிவிட்ட காலத்தில் அவள் மட்டும் நூறு வாட்ஸ் குண்டு பல்பு வைத்திருந்தாள். அட்டைப்பெட்டியில் கோழிக்குஞ்சுகள், மழைக் குளிருக்கு அவற்றின் மேல் அந்த பல்பு. மாமனார் அதைக் கழற்றி வந்து மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்தார். நாற்பது ஓம் காட்டியது. இருநூற்று முப்பதை நாற்பதால் வகுத்தார். ஆறு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. திரும்ப இருநூற்று முப்பதால் பெருக்கினார்.

"பார்த்தியா மோளே! நூறு வாட்ஸ்னு எழுதி வச்சுக்கிட்டு ஆயிரத்து முந்நூறு தின்னுது. தேய்ப்புப்பெட்டி தோத்துப்போகும்!"

நான் வணிகவியல் படித்தவள். பெருக்கலில் பிழை இல்லை என்று மட்டும் தெரிந்தது. அவ்வளவு சூட்டுக்குக் குஞ்சுகள் இந்நேரம் வறுவலாகியிருக்க வேண்டாமா என்றும் தோன்றியது. ஆனால் தென்காசிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த புதுசு, வாயைத் திறக்கவில்லை.

சேச்சி மேலே வந்தாள். "அங்கிளே, ஒரு பல்பு எரிஞ்சா பிரேக்கர் விழுமோ?"

"நான் சொல்லல. கணக்கு சொல்லுது."

"கணக்குக்குக் குளிராது அங்கிளே, குஞ்சுக்குக் குளிரும்" என்றவள் கீழே போய்ப் பெட்டியோடு திரும்பி வந்தாள். "அப்போ இனி நீங்க தன்னே சூடாக்கிக்கோங்க." பெட்டியை அவர் மடியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

துண்டால் பெட்டியைப் போர்த்தி, அணைத்துப் பிடித்தபடி மாமனார் செய்தி பார்க்க உட்கார்ந்தார். பல்பு மேசை மேல் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் பிரேக்கர் விழுந்தது. இருட்டில் அவர் மடியிலிருந்து குஞ்சுகள் மட்டும் கீச் கீச்சென்று பேசின.

மறுநாள் மாமனார், கலூரில் மின்சாதனக் கடை வைத்திருக்கும் என் கணவரின் நண்பரிடமிருந்து ஒரு கிளாம்ப் மீட்டரை வாங்கி வந்தார். ஒற்றை வயரைக் கவ்விப் பிடித்தால் அதில் ஓடும் கரண்டைக் காட்டும் கருவி. பல்பை எரியவிட்டு அளந்தார். அரை ஆம்பியர்கூட இல்லை. புள்ளி நான்கு மூன்று. பெருக்கினால் சொல்லிவைத்த மாதிரி நூறு வாட்ஸ். வகுத்தால் மின்தடை ஐந்நூறு ஓமுக்கு மேல்.

"நேத்து நாப்பது, இன்னைக்கு ஐந்நூறா? ஒரு பல்பு எப்படி ரெண்டு பேச்சு பேசும்?" என்று கோபமாக அதைக் கழற்றப்போனவர், "அம்மே!" என்று கையை உதறினார். விரலை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நேத்து நான் அளந்தது ஆறிக் கிடந்த பல்பை. எரியும்போது உள்ளே கம்பி கொதிக்குது. கொதிச்சா தடை கூடுது."

அவரிடம் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான். தீர்ப்பைத் திருத்த வேறு யாரும் தேவைப்படவில்லை. சுட்ட விரலோடு அவரே வீட்டிலுள்ள ஒவ்வொன்றையும் அளக்கத் தொடங்கினார். மாலையில் சமையலறைக்கு வந்தார். இண்டக்‌ஷன் அடுப்பு எட்டு ஆம்பியர். பக்கத்து அறையில் என் கணவர் மறுநாள் சட்டைக்குத் தேய்ப்புப்பெட்டி போட்டிருந்தார், அது நான்கு. பன்னிரண்டு என்று கூட்டிப் பார்த்தவர் என் வாணலியை எட்டிப் பார்த்தார். செய்தி பார்க்கும்போது தின்ன அவர் நாள்தோறும் கேட்கும் பழம்பொரி என்ற வாழைப்பழ பஜ்ஜி, எண்ணெயில் பொன்னிறமாகப் புரண்டுகொண்டிருந்தது.

"ஓஹோ" என்றார். வெந்ததில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டார்.

இப்போது காக்கநாட்டில் அடுக்குமாடியில் இருக்கிறோம். எதைப் போட்டாலும் எதுவும் விழுவதில்லை. அதனாலேயே யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமே கிடையாது. ஆனால் அளந்து முடித்த அன்று மாலை பெட்டியை ஒரு கையிலும் பழம்பொரித் தட்டை மறு கையிலும் ஏந்திக்கொண்டு படியிறங்கினார். பல்பைப் பிடித்தபடி நான் பின்னால் போனேன்.

"பல்பு மேல தப்பில்ல மோளே" என்றார் சேச்சியிடம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

சேச்சி குஞ்சுகளைப் பார்த்துவிட்டு, ஒரு பழம்பொரியையும் எடுத்துக்கொண்டு நிதானமாகக் கேட்டாள்: "அப்போ இன்னொரு பல்பு கூடி போடலாமோ அங்கிளே? வாத்துக்குஞ்சு வாங்கணும்னு உண்டு."

மாமனார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். உள்ளங்கையில் எழுதிக் கூட்டினார், அடித்தார், மறுபடி கூட்டினார்.

"போடலாம்" என்றார். "ஆனா தேய்க்கிறத காலைக்கு மாத்தச் சொல்லி என் மகன்கிட்ட நீ சொல்லு. நான் சொன்னா, பழம்பொரிய நிறுத்துங்கம்பான்."