மாமனுக்கு அனுப்பிய ரஷ்ய இசை

கண் தெரியாத மனிதருக்கு ஒரு வீடியோ எடுத்து, அதில் காதால் கேட்கக்கூடிய எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ‘எப்படி இருக்கிறது?’ என்று பாராட்டு வேறு எதிர்பார்த்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் வெட்கம்.

என் தொழில் லண்டனில் வீடுகளைச் சூடாக்கும் பொயிலர் திருத்துவது. இல்ஃபோர்டிலிருந்து தோர்ண்டன் ஹீத்துக்கு வேனில் போகும்போது, போன் தன்பாட்டில் எடுத்துப் போட்ட ஏதோ ஒன்றில்தான் அந்த ரஷ்யத் திரையிசைக்காரர் என்னிடம் ஒட்டிக்கொண்டார். சின்தசைசரில் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டே இருப்பார். பற்றிக்கொள்ளப் போகிற பொயிலரின் அதே உறுமல். தொழில்காரன் காதுக்குத் தாலாட்டு. அது பழகிவிட்டதென்று அசரும் நேரம் பார்த்து, அடியிலிருந்து செல்லோக்கள் கிளம்பும். பிறகு முழு வாத்தியக் குழுவும் எழும்பிவிடும். ஒருமுறை வேனை ஓரங்கட்டி நிறுத்திக் கேட்டிருக்கிறேன். பொயிலர் பழுதான வீட்டுக்காரி குளிரில் வாசலில் காத்து நின்றாள். மனிதர் படம் படமாக எழுதித் தள்ளியிருக்கிறார். நான் ஒரு படமும் பார்த்ததில்லை. இசையை மட்டும் லாப்டொப்பில் சேர்த்துக்கொண்டே போனேன். செத்த வீட்டில்கூட இப்படிப் போடமாட்டார்கள் என்பது என் மனைவியின் கருத்து.

அந்தப் பைத்தியம் முற்றியிருந்த நேரத்தில் மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியச் சடங்கு வந்தது. மனோர் பார்க்கில் மண்டபம். தேங்காய் உடைப்பதும் முதல் தண்ணீர் வார்ப்பதும் தாய்மாமன் உரிமை. மனைவியின் அண்ணை யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். சீனி வருத்தம் கண்ணைக் கொண்டுபோய்விட்டது, பயணம் ஏலாது. அவர் இடத்தில் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் நின்றார். கமராக்காரரைப் பிடிப்போம் என்றாள் மனைவி. நான் எதற்கு இருக்கிறேன் என்றேன்.

சடங்கு முடிந்ததும், கமராவோடு நான் இணைத்துக் கொடுத்த குட்டி மைக்கை மகள் வாயருகே பிடித்து, மாமாவுக்கென்று ஏதோ மெல்லச் சொன்னாள். வீட்டில் இங்கிலிஷ் மட்டும் பேசுகிறவள், அறையைப் பூட்டிக்கொண்டு தமிழில் பாடமாக்கியிருந்தாள். நான் வெளிச்சம் சரிக்கட்டிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

பிறகு லாப்டொப்பில் போட்டுப் பார்த்தபோது முதல் நிமிடம் முழுக்கப் பாத்திரச் சத்தமும் பிள்ளைகளின் கத்தலும். எல்லா ஒலியையும் ஒரே அமுக்கில் அமர்த்திவிட்டு, தொடக்கத்திலிருந்து கடைசிவரை ரஷ்யரை ஏற்றினேன். தேங்காய் உடையும் இடத்தில் செல்லோ எழும்பியது. எனக்கே மெய்சிலிர்த்தது. அவருடைய இன்னும் சில படங்களின் இசைக்கு இடம் போதவில்லை என்று, எடுத்த மூலப் பதிவை அழித்தேன்.

வீடியோவை அனுப்பி இரண்டு நாள் பொறுத்து, யாழ்ப்பாணத்துக்கு போன் எடுத்தேன். இசை எப்படி என்று கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்கு மச்சான்” என்றார். பிறகு, “சடங்குக்கு ஒருத்தரும் வரேல்லையோ? ஒரு சத்தத்தையும் காணேல்லை.”

மாமாவுக்கென்று அதில் ஒன்று பேசி வைத்திருப்பதாக மகள் அவரிடம் முன்பே சொல்லியிருக்கிறாள். போனை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு தரம் கடைசிவரை கேட்டாராம். கண்ணில்லாதவருக்கு வீடியோ என்பது காதுக்கு மட்டும்தான் என்பது, காதாலேயே இசை பிடித்த எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மனைவி திட்டவில்லை, அடுப்பை அணைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். திட்டியிருக்கலாம். மகளிடம் நானே போய் ஒப்புக்கொண்டேன், அவள் அறை வாசலில், பொயிலரை வெடிக்க வைத்தவன் மாதிரி நின்று. அவள் மாமாவுக்கு போன் எடுத்தாள், கதவைச் சாத்தினாள்.

வெளியில் நின்றேன். குரல் கேட்டது, சொல் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரே சுரத்தின் நீண்ட இரைச்சல் மாதிரி. நடுவில் ஒருதரம் அந்தப் பக்கத்திலிருந்து மச்சான் சிரித்தார், அல்லது அழுதார்.

கதவு திறந்தது. இளித்துக்கொண்டு, அப்பாவுக்கும் அதை ஒருக்கால் சொல்லேன் என்றேன்.

“அது மாமாவுக்குச் சொன்னது” என்றாள்.