கதவில்லாத வாடியும் என் வீட்டு இரும்புக் கேற்றும்

வெள்ளிக்கிழமை தொழுகைக்கு வுழூச் செய்துகொண்டிருந்தபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் மரண அறிவித்தல் வந்தது: ஹனீபா சேர் வபாத். முகத்தைக் கழுவினேனா இல்லையா என்று மறந்துபோய், திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினேன். கல்முனையில் ஒரே பாடசாலையில் அவர் சரித்திரம் படிப்பித்தார், நான் கணிதம். அவரைத் தெரிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய இத்தாலியின் நாட்டுப்புற மாளிகைகள் என்றால் அவருக்குப் பைத்தியம். கலகக் காலத்தில் மதிலும் கோபுரமுமாக நின்ற கோட்டை வீடுகளையும், நாடு அடங்கியதும் பட்டணத்து வியாபாரிகள் வயல் வாங்கித் தூண் வைத்த திறந்த முகப்புகளோடு கட்டிய மாளிகைகளையும் அவர் சொல்லும்போது பக்கத்து வகுப்பில் என் கணக்கு நின்றுவிடும். கீழே தானியம், மேலே முதலாளியின் விருந்தும் புத்தகமும். "மாளிகைட அழகை மட்டும் எழுதினா மார்க்ஸ் தரமாட்டன். கோதுமை வெட்டினவன் எங்க படுத்தான் எண்டும் எழுதுங்க" என்பார்.

எழுபதுகளின் கடைசியில், சம்மாந்துறை வயலில் தன் வாப்பா கட்டிய வாடியை அவர் உடைத்து மாற்றினார். கீழே நெல்லும் மேலே வயலுக்குச் சொந்தக்காரப் போடியாருமாக இருந்த கல்வீடு அது. முன்சுவரும் கதவும் போய் நாலு தூண் வந்தது. மேல் அறையை, வயலைப் பார்த்துக்கொண்ட முல்லைக்காரன் கந்தப்பனுக்குக் கொடுத்தார். கந்தப்பன் காரைதீவுத் தமிழன்; அவன் மகள் அங்கேதான் இருந்தாள். ஊர்ப் போடிமார் சிரித்தார்கள், நானும்தான். அப்போது நான் என் வீட்டைச் சுற்றி மதில் எழுப்பி, மேலே போத்தல் ஓடு பதித்து, இரும்புத் தகட்டில் கேற் போட்டுக்கொண்டிருந்தேன்.

"கதவில்லாத வீட்டில ஆடுதான் படுக்கும்" என்றேன்.

"காலம் நல்லாத்தானே கிடக்கு மச்சான்" என்றார்.

காலத்தை அவர் பிழையாகக் கணித்துவிட்டார். சில வருஷங்கள் கழித்து, தமிழரும் முஸ்லிம்களும் ஆளையாள் வெட்டிக்கொண்ட நாட்களில் ஒரு பின்னேரம், கந்தப்பனைத் தேடிக் கூட்டமொன்று வாடிக்கு வந்தது. பூட்டக் கதவில்லை. சேர் அவனை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகக் குதித்தார். நெல்லோடு வாடி எரிந்தது. வாய்க்காலில் விழுந்தெழும்பி, வயலோரம் இருந்த என் வீட்டுக்கு இருவரும் ஓடிவந்தார்கள். கேற் பூட்டியிருந்தது. அந்த இடத்திலேயே கந்தப்பனை வெட்டினார்கள். தடுக்கப்போன சேரின் வலது கையில் மூன்று விரல்கள் போயின. ரத்தம் கேற்றுக்குக் கீழால் வந்து என் முற்றத்து மணலில் ஊறியது.

ஆசுபத்திரியில் பொலிஸ் கேட்டபோது, "அந்த வீட்டில ஆளில்ல" என்றார் சேர். பிறகு இடது கையால் எழுதப் பழகி, கரும்பலகைக்குத் திரும்பி வந்தார். என்னிடம் அதைப்பற்றி ஒரேயொரு தரம், ஆசிரியர் அறையில் தேத்தண்ணி குடிக்கும்போது கதைத்தார்.

"திறந்திருந்தா உங்கட பிள்ளைகளையும் வெட்டியிருப்பானுகள். எனக்கு விளங்குது. கந்தப்பனுக்கு விளங்கிச்சோ தெரியாது."

ஓம், நான் உள்ளேதான் நின்றேன். கேற் பூட்டின் திறப்பு என் கையில் இருந்தது. "திறங்களேன்" என்று மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். கேற் இடுக்கால் சேர் என் கண்ணைப் பார்த்தார். "என்னை விடுங்க மச்சான், இவனை மட்டும் உள்ள எடுங்க" என்றார். நான் திறக்கவில்லை. கோழைப்பயல் நான்.

அவர் எனக்காகச் சொன்ன அந்தப் பொய்க்குள்தான் இவ்வளவு காலமும் இருந்தேன். அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பதும் அது ஒன்றுதான். நாளைக்குக் காரைதீவுக்குப் போய், நடந்ததைச் சொல்லி அதைக் கொடுத்துவிடப் போகிறேன். கந்தப்பனின் மகள் கதவைத் திறப்பாளோ தெரியாது.