ஸ்வெட்டருக்குள் இருந்த தேத்தண்ணி

வெயிலில் கம்பளி நூலும் தேயிலைச் சாயமும் சேர்ந்தால் ஒரு மணம் வரும். அது எனக்குத் தெரிந்த அளவுக்குக் கண்டியில் வேறு யாருக்கும் தெரியாது, ஏனென்றால் திருகோணமலை வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கோட்டைக்குள் ஓடியவன் நான் ஒருவன்தான். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டேன். இன்று என் பெயர் எழுதிய லொறிகள் ஓடாத ரோட்டு இந்த மலையில் இல்லை. மூளை அப்போதே இருந்தது என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, அப்பா இறந்த மறு வருடம், லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லாரும் சேர்ந்து பஸ் பிடித்துத் திருகோணமலைக்கு "ட்ரிப்" போனோம். மற்றவர்கள் கடலையும் கோட்டையையும் கோயிலையும் பார்க்க வந்தார்கள். அம்மா வந்தது அப்பாவுக்குத் தேத்தண்ணி கொடுக்க. அவருடைய சாம்பலைக் கெட்டம்பேயில் மகாவலி ஆற்றில்தான் கரைத்திருந்தோம். அந்த ஆறு திருகோணமலைப் பக்கம் கடலில் விழுகிறது என்று யாரோ சொன்ன நாளிலிருந்து, அப்பா அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறார் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை.

விடியுமுன் காய்ச்சிய பிளேன்டீயைச் சாராயப் போத்தலில் ஊற்றித் துண்டால் சுற்றி மடியில் வைத்திருந்தாள். பின் சீட்டில் இருந்த முத்தையா மாமா விடவில்லை.

"என்னாக்கா, போத்தல மறைச்சு மறைச்சு வச்சிருக்கீங்க? எனக்கும் ஒரு மொடக்கு ஊத்துங்க."

"இது ஒங்க மச்சானுக்கு. வாய மூடிக்கிட்டு வாங்க."

பஸ்ஸே சிரித்தது. என் ஸ்வெட்டரைப் பார்த்தும் சிரித்தார்கள். கடற்கரை வெக்கை எங்களில் யாருக்குத் தெரியும்? ஊர்ப்பயணம் என்றால் ஸ்வெட்டர் என்று அம்மா மாட்டிவிட்டிருந்தாள்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் எல்லாரும் குளித்தபோது, அம்மா சூடு கூடிய கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக இறைத்து, போத்தலை அதற்குள் நிறுத்தி வைத்தாள். "ஆறினத அந்த மனுசன் தொடமாட்டாரு" என்றாள். உண்மைதான். ஆறிய தேத்தண்ணியை அப்பா வாசலில் கொட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

அங்கிருந்து கோட்டை. வாசல் தாண்டியதும் மான்கள்! தோட்டத்து ஆட்கள் தின்னக் கொண்டுவந்த பாண் துண்டை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டார்கள். கோயில் மலை மேலே, போத்தலோ ஆறிக்கொண்டிருக்கிறது. எல்லாரும் ஒன்றாகத்தான் போக வேண்டும் என்று மாமா கட்டளை போட்டுவிட்டார். அம்மா தவிப்பதைப் பார்த்தேன். யாரிடமும் கேட்கவில்லை. போத்தலைப் பிடுங்கி, ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு மேட்டில் ஓடினேன். "டேய், விழுந்துறாதடா!" என்று அம்மா பின்னாலேயே ஓடி வந்தாள்.

மலை உச்சியில் எந்தப் பக்கம் பார்த்தாலும் கடல். தேங்காய் விற்ற பெரியவரிடம் அம்மா, "ஐயா, மகாவலி எங்கங்க வந்து விழுது?" என்று கேட்டாள்.

அவர் தெற்கே கை காட்டினார். "அந்தா, அங்கால தெரியிறது மூதூர்க் கரை. அதுக்குக் கிட்டத்தான் பிள்ளை. ஏன், ஆரையும் தேடுறியளோ?"

"எங்க வீட்டுக்காரருங்க" என்றாள் அம்மா.

போத்தலைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். சூடு இருந்தது. முந்தானையில் முடிந்திருந்த சக்கரைத் துண்டை முதலில் கடலுக்கு எறிந்தாள்; அப்பா அதைக் கடித்துக்கொண்டுதான் குடிப்பார். பிறகு தேத்தண்ணியை ஊற்றினாள். காற்று பாதியைத் திருப்பி என் ஸ்வெட்டரிலேயே அடித்தது.

"பாரு, ஒனக்கும் பங்கு குடுத்துட்டாரு" என்று சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இப்போது மகாவலியை அணைகள் மறித்துவிட்டன. கெட்டம்பேயில் அம்மாவின் சாம்பலைக் கரைத்தால் அப்பாவிடம் போய்ச் சேருவதற்கு எனக்கு உத்தரவாதம் இல்லை. அதனால் அம்மாவை என் சொந்த வேனிலேயே மூதூருக்குக் கொண்டு போனேன். இருப்பதில் நல்ல பிளாஸ்க்கும் கொண்டுபோனேன். அப்பாவுக்கு ஆவி பறக்க ஒரு கோப்பை ஊற்றினேன். இரண்டாவது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன். "பொழுது போகுதுப்பா" என்றான் மகன்.

"இருடா, ஆறட்டும்" என்றேன். எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஆறிப்போனதைத்தான் என் அம்மா எப்போதும் குடிப்பாள்.