துரை பார்த்த குருவி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் கோலா கங்சார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். மூத்தவனைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வேலைக்குப் போய், காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள் நான். இரண்டாவதை அங்கே விட மனம் வரவில்லை. எனக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரையின் கோடியில், ஓடைக்கரைப் புதர் மறைவில் தூளி கட்டிப் படுக்கவைத்தேன். தெரிந்தால் ஆள் கணக்கிலிருந்து பேரை வெட்டி, குடியிருக்கும் லயத்தை விட்டே விரட்டிவிடுவார்கள்.

அப்போது பார்த்துப் புதிதாக வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரை, தூரக்கண்ணாடியும் கையுமாக அந்த ஓடைப் பக்கமே சுற்றத் தொடங்கினார்.

"என்ன பாக்குறாரு அண்ணே?" என்று கங்காணியிடம் கேட்டேன்.

"குருவி பாக்குறாரு லா. சின்னதா, கறுப்பு வெள்ளையா இருக்குமாம். வால விசிறி மாரி விரிக்குமாம்."

குருவி பார்க்கிறாராம், குருவி. யார் காதில் பூ சுற்றுகிறார்கள்? கறுப்பு வெள்ளைக் குருவி லயத்து வாசலிலேயே தினம் கத்துகிறது. வாலைத் தூக்குமே தவிர, ஒருநாளும் அது விரித்ததில்லை. ஆள் வேவு பார்க்கிறார் என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போனேன். தூளிக்கயிற்றில் ஒன்று உட்கார்ந்திருந்தது. லயத்துக் குருவியைவிடச் சிறியது. கண்ணுக்கு மேல் வெள்ளைக் கோடு, வெள்ளை மார்பில் கறுப்புப் பட்டை. நிலைகொள்ளாமல் இப்படியும் அப்படியும் திரும்பி வாலை விரித்தது. விசிறியேதான். பிள்ளையை மொய்த்த கொசுக்களை எட்டி எட்டிப் பிடித்துவிட்டு மறுபடியும் கயிற்றுக்கே வந்தது.

துரை குருவி பார்ப்பது நிஜமென்றால், குருவியைத் தேடும் கண்ணாடி தூளியில்தானே வந்து நிற்கும். தூளியைத் தள்ளிக் கட்டினேன். பாழாய்ப்போன குருவி அங்கேயும் வந்தது.

மூன்றாம் நாள் நிமிர்ந்து பார்த்தால் அக்கரையில் துரை. கண்ணாடி நேராகத் தூளியைப் பார்த்தது. அதை இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தார். சின்னப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், பேரை வெட்டப் போகிறார்கள் என்று நின்றேன்.

"ஓடப் பக்கம் யாரும் போகக்கூடாது. குருவி கூடு கட்டியிருக்காம், துரை உத்தரவு" என்றார் கங்காணி. என்னைப் பார்த்து, "நிரைக்காரி நீ மட்டும் போலாம்" என்றார்.

எனக்குச் சந்தேகம் விடவில்லை. அன்று அந்தக் கரையில் புதர் புதராக, கிளை கிளையாகத் தேடினேன். கூடு எதுவும் இல்லை. தூளி ஒன்றுதான் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து மூத்தவனை நினைத்து அழுதேன்.