இரண்டு ஊர் ராகுகாலம்

என் வீட்டுக்காரர் பட்டுச்சேலைக் கண்காட்சிக்காகப் பாரிஸுக்குப் போகிறார் என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுபதுகளின் கடைசி. கல்யாணமாகி ஒரு வருஷம்தான். ஆரணியைத் தாண்டி அவரோடு நான் போனது திருப்பதிக்கு மட்டும், அதுவும் மொட்டை போட.

"ஒருத்தருக்குத்தான் டிக்கெட்டு குடுக்கறாங்க, நான் இன்னா பண்ணட்டும்?" என்றார்.

"சரி, போங்க. ஆனா நான் சொல்றபடிதான் சுத்திப் பாக்கணும்."

கண்காட்சி முடிந்து ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வு. அந்த ஒரு நாளுக்கு எத்தனை நாள் திட்டம் போட்டோம்! படகு சவாரியை முதலில் அடித்தேன், அவர் ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம். காலையில் பெரிய மாதா கோயில். எந்த ஊரானாலும் கும்பிட்டுவிட்டுத்தான் மற்றது. அப்புறம் அந்த இரும்புக் கோபுரம். சமையலறைக் காலண்டரில் அதன் படத்தைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது.

அங்கேதான் சிக்கல். ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு ராகுகாலம். எந்த ஊர் நாலரை?

"அந்த ஊரு டைம்தான் கணக்கு" என்றார்.

"நீங்க ஆரணிக்காரருன்னு ராகுக்குத் தெரியாதா? ரெண்டையும் பாருங்க."

தலையில் அடித்துக்கொண்டே கணக்குப் போட்டார். நம்முடையது முடிந்து அவர்களுடையது தொடங்காத ஒரு இடைவெளி கிடைத்தது. இங்கே விளக்கு வைத்த பிறகு, அங்கே மத்தியானம்.

"அப்ப நீங்க மேல ஏறி நம்மூரு பக்கம் பாருங்க. நான் மாடில நின்னு பாத்துகினு இருப்பேன். எனக்கும் சேத்து பாத்துட்டு வரணும், ஆமா."

அந்த ஞாயிற்றுக்கிழமை விளக்கேற்றிய கையோடு மாடிக்கு ஓடினேன். காய்ந்த துணிகளுக்கு நடுவே மேற்கே பார்த்து நின்றேன். இந்நேரம் உச்சியில் இருப்பார் என்று நினைத்ததும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஊர் திரும்பியவரைப் பெட்டியை இறக்கக்கூட விடவில்லை. "மேலேர்ந்து பாக்க எப்டி இருந்துச்சி?"

"ஏறல."

"இன்னாது?"

"நீளமா கியூ. நகர்றதுக்குள்ள நீ சொன்ன டைம் வந்துடுச்சி. நீ மாடில நின்னுகினு இருப்பியேன்னு கியூவ வுட்டு வெளிய வந்து நின்னேன். திரும்பிப் போனா கடைசிலேர்ந்து நிக்கச் சொல்லிட்டாங்க. அதுக்குள்ள அந்த ஊரு ராகுகாலம்."

வந்ததே எனக்குக் கோபம்! "அவ்ளோ தூரம் போயி ஏறாம வந்தீங்களா? கியூல நின்னபடியே நம்மூரு பக்கம் திரும்பக் கூடாதா?"

"ஒரே மேகம். நம்மூரு எந்தப் பக்கம்னே தெரியல. நீ டவரு பக்கம் இல்லன்னு மட்டும் தோணிச்சி. அதுக்கு முதுகக் காட்டி நின்னேன்."

"நல்லா நின்னீங்க, போங்க!" என்று காபி போடப் போனேன். அடுப்புக்கு மேலே காலண்டர். அந்தக் கோபுரத்துக்கு முதுகைக் காட்டி ஒருவர் நின்றால் யாரைப் பார்த்து நிற்பார்? படத்துக்கு எதிரே நிற்கிற என்னைத்தான். பால் பொங்கி வழிந்தது. நான் இறக்கவில்லை.