பைன் காட்டில் இரவல் வாங்கிய தீப்பெட்டி

கோபித்துக்கொண்டு போன பெண்டாட்டியைச் சமாதானம் செய்யச் சேலை எடுத்துக் கொடுப்பார்கள், இல்லை சினிமாவுக்குக் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் கொடைக்கானலுக்கு மேலே பைன் காட்டுக்குள் சைக்கிள் மிதிக்கக் கூப்பிட்டார். ராத்திரி டென்ட்டில் தங்கிவிட்டு மறுநாள் இறங்கலாமாம். கல்யாணமான புதிதில் ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு பேரும் கியர் சைக்கிளில் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு வரை போய் வருவோம். அதை நினைத்து நான் உருகிவிடுவேன் என்று கணக்குப் போட்டிருக்கிறார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

நான் அப்போது விருதுநகரில் அம்மா வீட்டில் இருந்தேன். சிவகாசியில் எங்கள் வீட்டுப் பின்னறையை அவர் பூட்டியே வைத்திருப்பார். கேட்டால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறது என்பார். ஒரு நாள் எங்கள் நான்கு வயது மகளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தேன். வகிட்டில் வெள்ளியாக மினுங்கியது. பட்டாசுக்குப் போடுகிற அலுமினியப் பவுடர். பகலில் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை பார்க்கிற மனுஷன், விடியும் முன்னே எழுந்து வீட்டுக்குள்ளேயே திருட்டுத்தனமாக வெடிமருந்து கலந்து யாருக்கோ ஆர்டர் முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அன்றைக்கே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அப்புறம் சொந்தக்காரர்கள் முன்னால் வந்து உட்கார்ந்து சத்தியம் செய்தார். பின்னறையைக் காலி செய்துவிட்டாராம். கம்பெனியிலும் லோடு அனுப்புகிற இடத்துக்கு மாறிவிட்டாராம், இனி மருந்துப் பக்கமே போக மாட்டாராம். எல்லோரும் நம்பினார்கள். குடிக்கிறாரா, அடிக்கிறாரா, இவரைப் போல் யாருக்குக் கிடைக்கும் என்று என்னிடமே கேட்டார்கள். எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி என்று நான் கேட்டதற்கு, ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்றாள் அம்மா. கடைசியில் அவளே ஒரு முடிவு கட்டினாள். இந்த இரண்டு நாள் அவரோடு போய் வர வேண்டும். மனசு ஒப்பினால் திரும்பி வந்ததும் பிள்ளையோடு சிவகாசிக்குப் போய்விட வேண்டும், ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. என் மகள் இனி எந்த வீட்டில் தூங்குவாள் என்பதை ஒரு சைக்கிள் பயணத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மருந்து வேலைக்குப் போன நாளில், தலைக்குக் குளிக்காமல் அடுப்பு இருக்கும் திசைக்கே வர மாட்டார். முடியில் ஒட்டியிருக்கிற பவுடருக்கு ஒரு பொறி போதும். ஒரு தடவை பால் பொங்கி வழிகிறது, நான் மாடியில் துணி காயப்போடுகிறேன். அவர் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாரே தவிர, உள்ளே போய் அடுப்பை அணைக்கவில்லை. அதற்காக அவரை மெச்சியிருக்கிறேன். மருந்தில்லாத மற்ற நாட்களில் அவரே டீ போட்டுக் கொடுப்பார்.

சைக்கிள்களை வேன் மேல் கட்டிக்கொண்டு விடிகாலையில் விருதுநகருக்கு வந்து என்னை ஏற்றினார். வழியெல்லாம் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தார். நான் பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டேன். மேலே வேனை நிறுத்திவிட்டு மண்பாதையில் மிதித்தோம். பைன் காட்டை அழகு என்று சொல்கிறவர்கள் அதில் சைக்கிள் ஓட்டியிருக்க மாட்டார்கள். தரையெல்லாம் காய்ந்த ஊசிச் சருகு. டயருக்கு அடியில் எண்ணெய் கொட்டினது போல் வழுக்குகிறது. ஒரு குருவிச் சத்தம் இல்லை. முன்னால் போய்க்கொண்டே கியரைக் குறை, பிரேக்கை விடு என்று உத்தரவு போட்டார். வேண்டுமென்றே நேர்மாறாகச் செய்தேன். ஒரு வளைவில் சறுக்கி விழுந்து முட்டித் தோல் பெயர்ந்தது. தூக்கிவிட வந்த கையைத் தட்டிவிட்டேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கே ஓர் அறை விட்டிருக்கலாம்.

பொழுது இறங்கும் நேரத்தில் தங்கும் இடத்துக்கு வந்து டென்ட் அடித்தோம். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் விறகு கொண்டுவந்து போட்டார். கல் வைத்துக் கட்டிய குழியைத் தவிர வேறெங்கும் நெருப்பு மூட்டக் கூடாது, சருகு பிடித்தால் மலையே போய்விடும் என்று எச்சரித்தார். பாத்திரம், அரிசி, முட்டை எல்லாம் இருந்தது. தீப்பெட்டி இல்லை. கம்பெனி கேட்டில் தினமும் பாக்கெட்டைத் தடவிப் பார்த்து உள்ளே விடுகிற பழக்கத்தில், அவர் தீப்பெட்டியை எங்கேயும் எடுத்துப் போனதே இல்லை. சாமான் கட்டியது அவர், அதனால் இதையும் கொண்டுவருவார் என்று நான் இருந்துவிட்டேன். பெரியவரிடம் போய்க் கேட்டேன். எந்த ஊர் என்றார். சிவகாசி என்றதும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அதுவும் எங்கள் ஊர்ப் பெட்டிதான். எனக்கும் சிரிப்பு வந்தது. பல நாளைக்கு அப்புறம் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தேன், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சிரிப்போடு பெட்டியை அவரிடம் நீட்டினேன்.

வாங்கவில்லை. "நீயே பத்த வையி" என்றார். சொல்லிவிட்டு எழுந்து போய், டென்ட்டையும் தாண்டி, தள்ளியிருந்த ஒரு மரத்தடியில் நின்றுகொண்டார். கேட்டதற்குப் புகை ஆகாது என்றார்.

எனக்குச் சிரிப்பு அப்படியே வற்றிப்போனது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் நிற்கும் இடத்துக்குப் போனேன். ஹெல்மெட்டை அப்போதுதான் கழற்றியிருந்தார். காதுக்குப் பின்னால் வழிந்த வியர்வை சாம்பல் நிறத்தில் கோடு போட்டிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். மினுங்கியது.

"தலைக்குக் குளிச்சீகளா?"

"காலையில வேன் வந்துருச்சு. நேரமில்ல."

"லோடு அனுப்புறவருக்குத் தலையில எதுக்கு மருந்து?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தார். கம்பெனியில் யாரோ உதறியது என்றார். பிறகு பழைய மருந்து டப்பா ஒன்றைத் தூர எறிந்தபோது பட்டது என்றார். நான் நகரவில்லை. கடைசியில் குரல் இறங்கி, வாங்கின ஆர்டரைப் பாதியில் விட முடியாது, இதோடு முடித்துவிடுகிறேன் என்றார். பின்னறை காலியாகவில்லை. சொந்தக்காரர்கள் முன்னால் செய்த சத்தியம் அத்தனையும் பொய்.

திரும்பி வந்து தீ மூட்டினேன். மூன்று குச்சி வீணானது. சோறு பொங்கிக்கொண்டிருக்கும்போது அவர் குழாயடிக்குப் போய், அந்த மலைத் தண்ணீரில் தலையைத் தேய்த்துத் தேய்த்துக் குளித்தார். பல் கிட்டிப்போய் வந்து நெருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அதான் குளிச்சுட்டேன்ல. பேசாம சாப்பிடு" என்றார்.

எனக்குள் இருந்த மரியாதையெல்லாம் அந்த நெருப்பில் விழுந்தது. "ஒத்தத் தீக்குச்சிக்கு அம்புட்டு தூரம் தள்ளிப் போயி நின்னியே. என் பிள்ள தூங்குற ரூமுக்கும் உன் மருந்துக்கும் நடுவுல ஒத்தச் சுவருதான இருக்கு. அவ எங்க தள்ளிப் போயி நிப்பா?"

தட்டில் சோறு போட்டு அவர் முன்னால் வைத்தேன். நான் சாப்பிடவில்லை. டென்ட்டில் நான் படுத்தேன், அவர் வெளியே உட்கார்ந்திருந்தார். குளிரில் கிடக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

விடிந்ததும் தீப்பெட்டியைப் பெரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். அந்தச் சருகு இறக்கத்தில் பிரேக்கைப் பிடிக்காமல் இறங்கினேன். பின்னாலிருந்து மெதுவாகப் போகச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்தார். என் உயிர் மேல் அவ்வளவு அக்கறை. சைக்கிளை வேனுக்குப் பக்கத்தில் சாத்திவிட்டு நான் பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் என்னடி ஆச்சு, எப்போ கிளம்பப் போகிறாய் என்று அம்மா கேட்டாள். பிள்ளையை இங்கே உள்ள பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன். மகள் சீப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்து என் மடியில் உட்கார்ந்தாள். வகிடு எடுத்து, வெளிச்சத்தில் தலையைச் சாய்த்து நன்றாகப் பார்த்தேன். எண்ணெய் மட்டும்தான் இருந்தது.