கடற்குதிரைக்குப் பிரசவம்

கற்பிட்டியின் உப்புநீர்க் களப்புக் கரையில் நிஸாமும் அவர் மனைவி பரீதாவும் வலையிலிருந்து இறால் பிரிக்கிறார்கள். பரீதா நிறைமாதக் கர்ப்பிணி. பாசியோடு சிக்கி வந்த கடற்குதிரை ஒன்றை அவள் களப்புத் தண்ணீர் நிறைந்த வாளியில் விடுகிறாள். உப்பியிருந்த அதன் வயிறு சட்டென்று சுருங்க, இமைமுடியளவு குஞ்சுகள் கொத்துக்கொத்தாக வெளியே பாய்கின்றன. பக்கத்தில் நிற்கும் நான் இதைப் பற்றிப் படித்திருக்கிறேன், கண்ணால் பார்ப்பது இதுதான் முதல்முறை.

“பாவம், தாய்!” என்கிறாள் பரீதா.

“தாயில்லை, தகப்பன். பெண் இதின்ட பைக்குள்ள முட்டைய விட்டிட்டுப் போயிடும். சுமக்கிறதும் பெறுறதும் ஆண்தான்,” என்கிறேன்.

“சுப்ஹானல்லாஹ்! கேட்டீங்களா?” என்று கணவரைப் பார்க்கிறாள்.

நிஸாம் சிரித்தபடி வாளியைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்குகிறார். கரையிலிருந்து அவள் கத்துகிறாள்:

“மெதுவா ஊத்துங்க! புள்ள பெத்த ஒடம்பு!”